"ஆதாம் நிஜமா, குரங்கு நிஜமா?": ஞாயிறு வகுப்பில் பரிணாமத்தை எடுப்பது எப்படி

பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமப் பாடம் முடிந்த வாரமே மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கேள்வி வந்துவிடும். மழுப்பினால் பிள்ளை ஒன்று பாடத்தை விடும், இல்லையென்றால் கோயிலை விடும். இரண்டு ஞாயிறும் ஒரு காலைப்பொழுதும் ஒதுக்குங்கள், போதும்.

முதல் ஞாயிறு டார்வின் பேச்சையே எடுக்க வேண்டாம். விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலின் (சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைப் பிள்ளைகளுக்கு ஆதியாகமம்) முதல் இரண்டு அதிகாரங்களைப் படித்து, எது எதற்குப் பின் உண்டானது என்று நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். முதலாவதில் விலங்குக்குப் பிறகு மனிதன். இரண்டாவதில் மனிதனுக்குப் பிறகு விலங்கு. ஒளி முதல் நாளே வந்துவிடுகிறது, சூரியனோ நான்காம் நாள்தான். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் பாதி பலன் போச்சு. பிறகு கேளுங்கள்: இரண்டையும் அருகருகே வைத்தவருக்கு இது தெரியாதா? அவர் எழுதியது கால அட்டவணை அல்ல என்பது அப்போது தானாகப் புரியும்.

"ஒரு நாள் என்றால் ஒரு யுகம்" என்ற குறுக்குவழி வேண்டாம். செடிகொடி மூன்றாம் நாள், சூரியன் நான்காம் நாள். யுகக்கணக்கில் வெயிலில்லாமல் செடி எப்படி நிற்கும் என்று ஒருவன் கேட்டே தீருவான்.

அடுத்து, அந்தக் காலைப்பொழுதுக்கு, மரங்கள் கல்லாகிக் கிடக்கும் திருவக்கரை கல்மரப் பூங்கா. புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பௌர்ணமியன்று போகாதீர்கள், வக்கிரகாளியம்மன் கோயில் கூட்டம் நெரியும். கல்லில் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. அடிமரங்கள் கிளையும் வேரும் பட்டையும் இல்லாமல் படுத்துக் கிடக்கும். உற்றுப் பார்த்தால் மரத்தின் இழையோட்டம் தெரியும். தண்ணீரில் கரைந்த சிலிக்கா மரத்துக்குள் ஊறிக் கல்லாக்கியது. வயது சுமார் 2 கோடி ஆண்டு. பொதிந்திருக்கும் பாறைக்குப் பெயரே கடலூர் மணற்கல், கடலூர் பக்கத்துக் கேப்பர் மலைச் செம்பாறையும் அதுதான்.

"அப்போ நோவா வெள்ளம்தானே?" என்று யாராவது கேட்பார்கள். வெள்ளம் அடித்துவந்த மரங்கள் என்பது சரிதான், ஆனால் ஆற்று வெள்ளம். புதுச்சேரிக்கு அருகே வழுதாவூர்ப் பக்கம் இதைவிடப் பழைய கடற்பாறையில் அம்மோனைட் என்ற சுருள் ஓடுகள் கிடைக்கின்றன. அந்த இனம் 6.6 கோடி ஆண்டுக்கு முன்பே பூண்டற்றுப் போனது. ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் கலக்கியிருந்தால் கல்மரமும் அம்மோனைட்டும் ஒன்றாகக் கிடக்க வேண்டும். கிடப்பதில்லை.

இரண்டாம் ஞாயிறுதான் கடினம். முதலில் குரங்கை முடியுங்கள்: இன்றைய குரங்கு மனிதனாகவில்லை, இருவருக்கும் முன்னோர் ஒன்று. நாள் கணக்கு சுலபமாகத் தீரும், ஆதாம் தீரமாட்டார். பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 5-ஆம் அதிகாரம் ஒரே மனிதனால் பாவமும் சாவும் வந்தன என்கிறது. புதைபடிவமோ மனிதனுக்கு முன்பே சாவைக் காட்டுகிறது. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் உடலின் தோற்றம் பற்றிய ஆய்வுக்கு இடம் கொடுத்தார். ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை, மனிதகுலம் பல முதற்பெற்றோரிலிருந்து வந்தது என்பதையும் ஏற்கவில்லை. 1996-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோளுக்கு மேலானது என்றார். சென்மப் பாவத்தை, அதாவது ஆதாமின் பாவம் மனிதர் எல்லோரையும் தொடர்கிறது என்ற போதனையை, எப்படி விளக்குவது என்பதில் இறையியலாளர்களுக்குள் இன்னும் விவாதம் ஓடுகிறது; அதை அப்படியே சொல்லுங்கள். பிள்ளைகளின் கேள்விகளைச் சீட்டில் வாங்கிப் பங்குத்தந்தையிடமோ போதகரிடமோ கொடுத்து, அடுத்த வாரம் அவரையே வகுப்புக்கு அழையுங்கள்.