நியூட்ரானுக்கு வேலி போடுவது எப்படி

எங்கள் எம்.எஸ்சி. ஆய்வகத்தில் நியூட்ரானை உமிழும் அமெரிசியம்-பெரிலியம் சோர்ஸ் ஒன்று உண்டு. அதைச் சுற்றி ஷீல்டு கட்டி, ஒரே ஒரு துளை வழியாக மட்டும் நியூட்ரான் கற்றையை வெளியே விட வேண்டும். நான் முதலில் கட்டிய ஷீல்டு முழுக்க ஈயச் செங்கல். காமாவோடு பழகிய கை, வேறென்ன செய்யும்? முதுகு ஒடிய அடுக்கிவிட்டுப் பார்த்தால் டிடெக்டரின் நியூட்ரான் கவுண்ட் பெரிதாக அசையவே இல்லை. ஈய அணுக்கரு நியூட்ரானைவிட 200 மடங்குக்கு மேல் கனம். அதில் மோதும் நியூட்ரான், சுவரில் பட்ட கோலிக்குண்டு மாதிரி கிட்டத்தட்ட அதே வேகத்தில் தெறிக்கும். தன் எடையே உள்ள ஹைட்ரஜனில் மோதினால்தான் சராசரியாகப் பாதி ஆற்றலை இழக்கும். 1934-ல் ரோமில் இயற்பியலாளர் ஃபெர்மியும் ஈயத்துக்குப் பதில் மெழுகை வைத்தபோதுதான், மெதுவான நியூட்ரானை அணுக்கருக்கள் எளிதில் பிடித்துக்கொள்ளும் என்ற விசேஷத்தைக் கண்டார்.

ஆக, ஹைட்ரஜன் நிறைந்த பாரஃபின் மெழுகு. நேரடித் தீயில் உருக்கினால் பற்றிக்கொள்ளும். கொதிநீர் அண்டாவுக்குள் வாளியை இறக்கி உருக்குங்கள். ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழி விழும், அதன் வழியாகவே நியூட்ரான் கசியும். இரண்டு விரற்கடை ஊற்றி, ஆடை கட்டியதும் அடுத்தது. வெளி அடுக்குகளில் வெண்காரம் சேருங்கள்; வேகம் தணிந்த நியூட்ரானை அதிலுள்ள போரான் விழுங்கிவிடும். வெண்காரம் அடியில் தங்கும் சாதி, மெழுகு கூழ்ப்பதம் வரும்வரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் ஹைட்ரஜனே நியூட்ரானைப் பிடித்து 22 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் காமாவைக் கக்கும். ஈயத்துக்கு வேலை இங்கேதான், எல்லாவற்றுக்கும் வெளியே.

கற்றை வெளிவரும் துளைக்கு, எண்ணெய் தடவிய 3 செ.மீ. குழாயை அச்சில் நிறுத்தி ஊற்றி, இறுகியதும் உருவிவிடலாம். நீளம் 30 செ.மீ. வைத்தேன். உட்புறம் 1 மி.மீ. காட்மியம் தகடு. அது மெதுவானவற்றை மட்டுமே தடுக்கும், வேகமானவை சட்டை செய்யாமல் போய்விடும். கையுறை போட்டு வெட்டுங்கள். சூடாக்கவே கூடாது, அதன் புகை விஷம்.

இவ்வளவும் சோர்ஸ் இல்லாமல் செய்யும் வேலை. சோர்ஸை வைக்கும்போது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் உடனிருக்கட்டும், நீண்ட இடுக்கி மட்டும் போதாது.

அப்புறம்தான் முக்கியமான சோதனை. துளையைத் திறந்து பத்து நிமிடம் எண்ணுங்கள். அதே நீள மெழுகுத் தக்கையால் அடைத்து மறுபடி பத்து நிமிடம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கற்றை. என் முதல் அமைப்பில் திறந்தால் நூறு என்றால் அடைத்தும் எழுபது வந்தது! அந்த எழுபதில் பெரும்பகுதி தரையிலும் கான்கிரீட் சுவரிலும் சிதறி வந்தது. மேசையை மூலையிலிருந்து அறையின் நடுவுக்கு இழுத்து, டிடெக்டருக்கும் முன்பக்கம் மட்டும் திறந்த மெழுகுக் கூடு போட்ட பிறகு முப்பதுக்கு இறங்கியது.

தக்கையை இப்போது ஷீல்டிலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மூன்று தக்கைகளை மாணவர்கள் தொலைத்தாயிற்று.