0603 ரெசிஸ்டர் கோணாமல் உட்கார: ஐம்பது போர்டுக்கு ஒரு மேசை

0603 என்ற அளவுக் குறியீடுள்ள ரெசிஸ்டர் 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம். 0402 என்றால் 1.0-க்கு 0.5. ஐம்பது மின்சுற்றுப் போர்டில் கையால் உதிரிகளைப் பொருத்துபவர்கள் 0603-உடன் நிற்பதே நல்லது; 0402-க்குக் கையை ஓட்டுவது வீண் பிடிவாதம்.

கை நடுங்குதே என்று கவலைப்படத் தேவையில்லை. பேஸ்டில், அதாவது சோல்டர்த் தூள் கலந்த பசையில், உள்ள ஈயம் (சோல்டர்) உருகும்போது அதன் பரப்பு இழுவிசையே சற்றுக் கோணிய ரெசிஸ்டரை நடுவுக்கு இழுத்துவிடும். ஆனால் இரு முனையிலும் பேஸ்ட் சமமாக இருக்க வேணும். ஒரு முனை முந்தி உருகினால் மறுமுனை கிளம்பி, ரெசிஸ்டர் நடுகல் மாதிரி எழும்பி நிற்கும். ஆகவே கவனம் முழுக்கப் பேஸ்டில்.

போர்டின் அதே தடிப்புள்ள பழைய போர்டுத் துண்டுகளைப் பலகையில் 'ட' வடிவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு போர்டும் அந்த மூலையில் முட்டி நிற்கும். பேஸ்ட் பூசும் துளைத்தகடான 0.12 மி.மீ. ஸ்டென்சிலை ஒரு பக்கம் மட்டும் டேப்பால் ஒட்டினால் கதவுபோல் திறந்து மூடலாம். பேஸ்டை இழுப்பதற்கு உலோகத் தகடு, 45 முதல் 60 பாகை சாய்வு, ஒரே இழுப்பு. பிளாஸ்டிக் அட்டை வளைந்து பெரிய துளைகளில் பேஸ்டைத் தோண்டிவிடும். ஐந்தாறு போர்டுக்கு ஒருமுறை ஸ்டென்சிலின் அடியைத் துடையுங்கள்.

பேஸ்ட் டப்பாவைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து, மூடி திறக்காமல் நாலு மணித்தியாலம் வெளியே வையுங்கள். குளிரோடு திறந்தால் மட்டக்களப்பு வாவிக்கரை ஈரக்காற்று உள்ளே நீராகப் படியும். சூட்டில் அது வெடித்து ஈய மணிகளாகச் சிதறும். ஐசி (சில்லு) உறையில் எம்எஸ்எல் 3 (ஈரம் தாங்கும் தரம்) என்றிருந்தால், திறந்தபின் 168 மணித்தியாலத்துக்குள் சூட்டில் ஒட்டி முடிக்க வேணும். அதுவும் 30 பாகை, 60 வீத ஈரப்பதத்துக்குள். மாரியில் மட்டக்களப்பில் அந்த 60 எங்கே கிடைக்கப்போகுது? மிச்ச ஐசிகளை உடனே சிலிக்கா ஜெல்லோடு மூடிவிடுங்கள்.

கச்சான் காற்று வீசும் காலத்தில் தொல்லை வேறு. காற்று வறண்டிருக்கும்; ரெசிஸ்டர்கள் நாடாவில் சுற்றிவரும் ரீலின் மேல்தாளைச் சட்டென்று உரித்தால் மின்னேற்றத்தில் ரெசிஸ்டர்கள் தாளோடு ஒட்டிக்கொண்டு போகும். விரலளவாக, மெதுவாக உரியுங்கள். யன்னலைச் சாத்தி விசிறியை நிறுத்துங்கள். வியர்க்கும்தான், பக்கத்தில் துவாய் இருக்கட்டும்.

பத்துப் போர்டை வரிசையாக வைத்து, ஒரே பெறுமதியைப் பத்திலும் வைத்தபின் அடுத்ததற்குப் போங்கள். சின்னக் கப்பாசிட்டரில் எழுத்தே இருக்காது. இரண்டு ரீலை ஒரே நேரத்தில் திறந்தால் கலந்தது கலந்ததுதான். சாமணத்தை இறுக்கினால் ரெசிஸ்டர் பறந்துவிடும். நுனியில் பசை பிடித்தால் ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். பேஸ்டில் தொட்டால் போதும். அமுக்கினால் பேஸ்ட் அடியில் பிதுங்கி, பிறகு பக்கத்தில் ஈய மணியாக நிற்கும்.

சூட்டுத் தட்டில் முதலில் 150 பாகையில் ஒன்றரை நிமிடம். பேஸ்ட் லெட் (lead) கலந்த 63/37 (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு லெட்) என்றால் 183-இல் உருகும், 215 வரை ஏற்றுங்கள். லெட் இல்லாத எஸ்ஏசி305 (வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை) என்றால் 217-இல் உருகத் தொடங்கும், 240 வரை வேணும். மினுங்கிப் பாய்ந்ததும் தட்டை அணையுங்கள். ஈயம் உறையும்வரை மேசையில் யாரும் கை வைக்கக்கூடாது.