பி.எம்.ஐ. கணக்கிட்டு ஆரோக்கியமான எடையை அறிவது எப்படி? பெரியவர்களுக்கான செய்முறை விளக்கம்

உடல் நிறை குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., ஒருவருடைய எடை அவருடைய உயரத்துக்குப் பொருந்துகிறதா என்பதைத் தோராயமாகக் காட்டும் எண்ணாகும். எடையைக் கிலோகிராமில் எடுத்துக்கொண்டு, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அது கிடைத்துவிடும். பெல்ஜிய நாட்டு வானியலாளரும் புள்ளியியலாளருமான அடோல்ப் கெட்லே 1832-ஆம் ஆண்டிலேயே இந்தத் தொடர்பை எடுத்துக்காட்டினார். எனினும் அவர் தேடியது மக்கள்தொகையின் சராசரி இயல்பையே தவிர, தனி மனிதரின் நோயை அன்று. 1972-இல் அமெரிக்க உடலியலாளர் ஆன்சல் கீஸும் அவருடைய குழுவினரும் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டினர். பெருங்கூட்டத்தை அளப்பதற்காகப் பிறந்த எண் என்பதால், அது உங்களைப் பற்றிச் சொல்வதற்கு ஓர் எல்லை உண்டு.

இங்கே சொல்லப்படும் வரம்புகள் பெரியவர்களுக்கு மட்டுமே உரியவை. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் வயது, பாலினம் ஆகியவற்றுக்கேற்ற தனி அட்டவணைகள் இருக்கின்றன. கர்ப்பிணிகள் இந்த வரம்புகளைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

படி 1: உயரத்தை அளத்தல்

பெரும்பாலான பிழைகள் இந்தப் படியில்தான் நேர்கின்றன; ஆகவே இதற்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். காலணியைக் கழற்றிவிட்டு, குதிகாலும் முதுகும் சுவரைத் தொடும்படி நிமிர்ந்து நின்று, பார்வையை நேராக வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான ஒரு புத்தகத்தைத் தலைமேல் கிடைமட்டமாக வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் இன்னொருவரைக் குறியிடச் சொல்லி, தரையிலிருந்து அந்தக் குறிவரை நாடாவால் அளக்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு படிவத்தில் எழுதிய உயரத்தை அப்படியே பயன்படுத்தாதீர்கள், ஏனெனில் வயது ஏற ஏற உயரம் சிறிது குறைகிறது.

அடி, அங்குலத்தில் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 5 அடி 10 அங்குலத்தை 5.10 அடி என்று எழுதிக் கணக்கிட்டால் 155 சென்டிமீட்டர்தான் வரும். உண்மையான உயரமோ 177.8 சென்டிமீட்டர். முழு உயரத்தையும் முதலில் அங்குலமாக்கி, அதன்பிறகு 2.54-ஆல் பெருக்குவதே சரியான வழி.

படி 2: எடையை அளத்தல்

காலையில், கழிவறைக்குச் சென்று வந்த பிறகு, உணவு உண்பதற்கு முன், மெல்லிய உடையோடு எடை பாருங்கள். எடைக்கருவி விரிப்பின்மேல் இல்லாமல் கடினமான, சமதளமான தரையில் இருக்க வேண்டும்.

படி 3: கணக்கிடுதல்

ஒருவருடைய உயரம் 163 சென்டிமீட்டர், எடை 64 கிலோ என்று கொள்வோம். கைபேசியில் உள்ள கணிப்பானில் 64-ஐ 1.63-ஆல் வகுத்து, வரும் விடையை மறுபடியும் 1.63-ஆல் வகுத்தால் 24.1 கிடைக்கும். வர்க்கத்தைத் தனியாகக் காண வேண்டிய தேவையே இல்லை. அவரே தம் உயரத்தை 166 என்று தவறாக எண்ணியிருந்தால் விடை 23.2 ஆகிவிடும், உயரம் இருமுறை வகுக்கப்படுவதால் சிறு பிழையும் இப்படிப் பெருகிவிடுகிறது.

படி 4: எண்ணைப் படித்தல்

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் 18.5-க்குக் கீழே எடைக்குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பான எடை, 25 முதல் 29.9 வரை அதிக எடை, 30-ம் அதற்கு மேலும் உடல் பருமன். ஆசிய மக்களில் பலருக்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே உடல் கொழுப்பும், இரண்டாம் வகை நீரிழிவுக்கும் இதய நோய்க்குமான அபாயமும் கூடியிருப்பதால், அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் 23, 27.5 ஆகிய எண்களையும் எச்சரிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது. நம் எடுத்துக்காட்டில் வந்த 24.1 பொது அட்டவணையில் இயல்பானது. ஆசிய வம்சாவளியினர் ஒருவருக்கோ அதே எண் கவனிக்க வேண்டிய எல்லைக்குள் வந்துவிடுகிறது.

படி 5: உங்கள் உயரத்துக்கான எடை வரம்பு

கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். 1.63-ஐ 1.63-ஆல் பெருக்கினால் 2.657, அதை 18.5-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 49 கிலோ, 24.9-ஆல் பெருக்கினால் 66 கிலோ. ஆசியப் புள்ளியைக் கருதி 22.9-ஆல் பெருக்கினால் மேல் எல்லை 61 கிலோவில் நின்றுவிடும். பொது அட்டவணைப்படி 49 முதல் 66 வரை, 17 கிலோ அகலமுள்ள ஒரு வரம்பு கிடைப்பதைப் பாருங்கள்: ஓர் உயரத்துக்கு ஒரே ஒரு சரியான எடைதான் என்ற எண்ணம் பலரைத் தேவையின்றி வருத்துகிறது, அதற்கு இந்தக் கணக்கில் ஆதாரம் கிடையாது.

படி 6: இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பார்த்தல்

எனக்கு இந்தப் படி மற்ற எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. பி.எம்.ஐ. தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. கொழுப்பு உடலில் எங்கே சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லாது. தசை மிகுந்த விளையாட்டு வீரருக்கு அது கூடுதலாக வரலாம். முதுமையில் தசை கரைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்திருப்பவருக்கோ எண் இயல்பாகவே வந்து அபாயத்தை மறைத்துவிடலாம். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பே நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்புடையது.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளவிடுங்கள். இந்தச் சுற்றளவு உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருப்பது நல்லது. 163 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது 81.5 சென்டிமீட்டர்.

எண் வரம்புக்கு வெளியே இருந்தால்

மருத்துவரைப் பார்க்கும்போது உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு ஆகிய மூன்றையும் எழுதிக் கொண்டு செல்லுங்கள். இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை முடிவுகளோடு வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த அளவுகள் முழுப் பொருள் பெறுகின்றன. அதிக எடை உள்ளவர்கள் இயல்பு வரம்பை எட்டும்வரை பயன் கிடைக்காது என்று சோர்ந்துவிட வேண்டாம். இப்போதைய எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் முன்னேற்றம் தெரியத் தொடங்கும். மாறாக, எந்த முயற்சியும் செய்யாமலே சில மாதங்களில் எடை தானாகக் குறைந்து வந்தால், பி.எம்.ஐ. இயல்பான வரம்புக்குள் இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.