காசு கேட்கிறதே என்று கட்டுரையை விட்டுவிடாதீர்கள்

தேடிய ஆய்வுக் கட்டுரை கூகுளில் கிடைத்துவிடுகிறது. திறந்தால் பணம் கேட்கிறது. பல மாணவர்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள், சிலர் கைக்காசையும் கட்டிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த ஆய்விதழுக்கு உங்கள் பல்கலைக்கழக நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். வீட்டிலிருந்து நேராகப் பதிப்பாளரின் தளத்துக்குப் போனால், நீங்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்று அதற்குத் தெரியாது. நூலகத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, அங்கிருந்து போய்ப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரின் அமைப்புகளில் உங்கள் நூலகத்தின் பெயரைச் சேர்த்துவிட்டால், நூலகத்தில் உள்ள கட்டுரைகளுக்குப் பக்கத்திலேயே அதன் இணைப்பு வரும். ஒரு நிமிட வேலைதான்.

அடுத்த தவறு, முழுக் கேள்வியையும் அப்படியே தேடல் பெட்டியில் தட்டுவது. சமூக ஊடகம் பதின்பருவத்தினரின் தூக்கத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் கேள்வி என்றால், அதில் இருப்பது மூன்று கருத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள் தரும் சொற்களை எழுதி 'ஆர்' (OR) போட்டு இணையுங்கள், மூன்று தொகுப்புகளையும் 'ஆண்ட்' (AND) போட்டுச் சேர்த்துவிடுங்கள். சேர்ந்தே வரவேண்டிய சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். அப்புறம், துறைக்காரர்கள் அதை என்ன பெயரில் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். நாம் ஹார்ட் அட்டாக் என்பதை மருத்துவ ஆய்விதழ்கள் மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்று எழுதும். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம் அந்த இரண்டையும் தானாகவே இணைத்துத் தேடிவிடும். எல்லாத் தரவுத்தளமும் அப்படிச் செய்யாது.

'முழு உரை மட்டும்' என்ற ஃபில்டரை முதலிலேயே போடுவதும் நஷ்டம். இந்தத் தரவுத்தளத்தில் சுருக்கம் மட்டும் இருக்கும் கட்டுரையின் முழு வடிவம், நூலகம் வாங்கும் இன்னொன்றில் இருக்கலாம். ஒரே இடத்தில் தேடி நிறுத்துவதும் இப்படித்தான். ஜேஸ்டோர் என்ற தரவுத்தளம் பழைய இதழ்களுக்கு அருமையான இடம், ஆனால் பல ஆய்விதழ்களின் கடைசி 3 முதல் 5 ஆண்டு இதழ்கள் அங்கே இருக்காது. அதை மட்டும் நம்பினால் புதிய ஆய்வுகள் கண்ணில் படாமலே போய்விடும்.

உலாவியின் மேலே தெரியும் முகவரியை நகலெடுத்து வைக்காதீர்கள், பல நேரம் அது மறுநாள் திறக்காது. கட்டுரைக்கு நிரந்தர அடையாளமாகத் தரப்படும், 10 என்ற எண்ணில் தொடங்கும் டி.ஓ.ஐ (DOI) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான கட்டுரைகளை மென்பொருள் வைத்து ஒரே மூச்சில் இறக்கவும் வேண்டாம். பதிப்பாளர் சந்தேகப்பட்டு மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் வழியை அடைத்துவிடக்கூடும்.

சரி, எங்கும் கிடைக்கவில்லையா? பல நூலகங்கள் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும். அதற்குச் சில நாள் ஆகலாம், அதனால் சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு வரை காத்திருக்காமல் நூலகரிடம் கேளுங்கள். கேட்கும்போது எங்கெங்கே, என்னென்ன சொற்களைப் போட்டுத் தேடினீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். நீங்கள் தேடிய இடத்திலேயே அவரும் மறுபடி தேடி நேரத்தைச் செலவிட வேண்டியிருக்காது.