மனநோயிலிருந்து மீண்டவர் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) வகுப்பில் பாடம் எடுக்க: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

மனநோயிலிருந்து மீண்ட ஒருவரைச் சமூகப்பணித் துறைக்கு அழைத்தால் வழக்கமாக என்ன நடக்கும்? வரவேற்புரை, அவர் கதை, நாலு பேர் கண் கலங்குவது, பொன்னாடை, குரூப் போட்டோ. மாணவர்களுக்கு மிஞ்சுவது பரிதாபம்தான். நாளைக்கு வேலையில் சேர்ந்து கேஸ் ஷீட் (சேவை பெறுபவரைப் பற்றிய விவரப் படிவம்) எழுதும்போது அது உதவாது. சமூகப்பணியாளர்கள் தன்னிடம் எப்படிப் பேசினார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள் என்பதை அவர் சொல்ல வேண்டும். வகுப்பை அதற்கேற்ப அமைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2003-இல் சமூகப்பணிப் பட்டப்படிப்பு தொடங்கியபோதே, மாணவர் தேர்வு முதல் மதிப்பீடு வரை சேவை பெறுவோருக்கும் பராமரிப்பாளருக்கும் இடம் தர வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். இங்கே பெரும்பாலும் ஆசிரியர் மனது வைத்தால்தான் நடக்கும்.

எந்தப் பாடத்தில்?

மனநோய் பற்றிய அலகில் வேண்டாம். அறிகுறிகளை மருத்துவர் சொல்லிக்கொள்வார். கேஸ் ஒர்க் (தனிநபரோடு செய்யும் சமூகப்பணி) தாளில் நேர்காணல் திறன் வரும் இடம்தான் பொருத்தம். இரண்டு பீரியடைச் சேர்த்து 2 மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாரை, எப்படிக் கேட்பது?

சிகிச்சை தரும் டாக்டர் மூலம் கேட்காதீர்கள். அவர் சொன்னால் மறுக்க முடியாது. சுயஉதவிக் குழுவிலோ குடும்பத்தினர் சங்கத்திலோ விஷயத்தைச் சொல்லிவிட்டு, விருப்பம் உள்ளவர் தானாக வரட்டும். உங்கள் மாணவர்கள் களப்பணி செய்யும் இடத்தில் இப்போது சேவை பெறுபவர் வேண்டாம். குடும்பத்தினரையும் அழைப்பதானால் வேறொரு நாள் வையுங்கள். ஒரே மேடையில் உட்காரவைத்தால் கேள்வி இவருக்கு, பதில் அவரிடமிருந்து.

இரண்டு வாரம் முன்னால்

அவர் சொல்லும் இடத்தில் சந்தியுங்கள். எதைச் சொல்லித்தர விரும்புகிறார், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பெயர், போட்டோ, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். வகுப்புக்கு வந்த பிறகும் அதை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவையுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ரகசியம் காக்கும் உரிமையைத் தருகிறது. கல்லூரியின் ஃபேஸ்புக் பக்கத்தில் பெயரோடு படம் போட்டுவிட்டால் எல்லாம் வீண்.

நேரத்தையும் அவரிடமே கேளுங்கள். சில மாத்திரைகளால் காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். 9 மணி வகுப்பு சரிப்படாமல் போகலாம், 11 மணி நல்லது. வாயும் உலரும். மேசையில் தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

பணம்

சிறப்புரைக்கு வரும் பேராசிரியருக்கு என்ன மதிப்பூதியமோ அதேதான் இவருக்கும், அதே கணக்குத் தலைப்பில். கணக்குப் பிரிவு பான் கார்டும் வங்கிக் கணக்கும் கேட்கும். சிலருக்குத் தனிக் கணக்கே இருக்காது. ரொக்கமாகத் தர வழி உண்டா என்று முன்பே பேசி முடியுங்கள். ஆட்டோவுக்கு ரசீது கிடைக்காது, கையெழுத்து வவுச்சர் போதுமா என்றும் கேளுங்கள். துணைக்கு வருபவரின் பஸ் செலவும் இதில் சேரும். பொன்னாடைக் காசை இதில் போடலாம்.

மாணவர்களுக்கு முந்தைய நாள் அரை மணி நேரம்

கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். 'குரல் கேட்குமாமே, என்ன சொல்லும்?' வகைக் கேள்விகளை எடுத்துவிடுங்கள். மாணவர்களில் யாருடைய வீட்டிலாவது இதே பிரச்சினை இருக்கலாம். எவரும் அனுமதி கேட்காமல் எழுந்து போகலாம் என்று சொல்லிவிடுங்கள்.

வகுப்பு

முதல் 20 நிமிடம் அவர் பேச்சு. அடுத்த 40 நிமிடம்தான் வகுப்பின் உயிர். நீங்கள் களப்பணிக்குத் தரும் கேஸ் ஷீட்டை நிரப்பாமல் நகல் எடுத்து எல்லோருக்கும் கொடுங்கள், அவர் கையில் சிவப்புப் பேனா. 'தகவல் தருபவர்' என்ற கட்டத்தில் கணவர் பெயரும், பக்கத்தில் 'நம்பகமானவர்' என்றும் எழுதுவது வழக்கம். கணவரின் பேச்சை யார் சரிபார்த்தது? 'ஒத்துழைக்கிறாரா?' என்ற இடத்தில், மாத்திரையின் பக்கவிளைவைப் பற்றி வாதாடினால் என்ன எழுதுவீர்கள்? நோயைப் பற்றிய தெளிவு 'இல்லை' என்று ஒரு டிக் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் சொல்வதை யார் காதில் வாங்குவார்கள்? அவர் கோடிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் மாற்றாக ஒன்றை மாணவர்கள் அங்கேயே எழுத வேண்டும்.

அடுத்த 40 நிமிடம் நடிப்பு நேர்காணல். கற்பனைக் கேஸைக் கொடுங்கள். தன் கதையையே நடித்தால் பழைய காயம் கிளறும். மாணவர் கேட்பார், இவர் கைகாட்டி நிறுத்தித் திருத்துவார். பெரும்பாலும் சிக்குவது இரண்டு இடங்களில்: எதிரே இருப்பவரை விட்டுத் துணைக்கு வந்தவரிடம் 'இவங்க ஒழுங்கா மாத்திரை போடுறாங்களா?' என்பது, தன்னைவிட மூத்தவரை 'என்னம்மா, சாப்பிட்டியா?' என்று ஒருமையில் கூப்பிடுவது. இடையில் மௌனம் விழுந்தால் நீங்கள் நிரப்பப் பார்க்காதீர்கள். அவருக்கே தாங்க முடியாமல் போனால் காட்ட ஒரு சைகையை முன்பே பேசிவையுங்கள்; காட்டியதும் வகுப்பை நீங்கள் ஏற்று நடத்துங்கள், மாணவர்கள் சூழ்ந்துகொள்ள விடாதீர்கள்.

மீதி 20 நிமிடம் சீட்டுக் கேள்விகளுக்கு.

மதிப்பெண்

உள்மதிப்பீடு 25 என்றால் நேர்காணலுக்கான 5 மதிப்பெண்ணை அவரே போடட்டும். பார்க்க வேண்டியவை மூன்று: என்னைப் பார்த்துப் பேசினாரா, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாரா, அடுத்து என்ன நடக்கும் என்று சொன்னாரா. விதி இடம் தராவிட்டால் அவர் குறிப்பையாவது மாணவரின் பதிவேட்டில் இணையுங்கள்.

முடிந்ததும் உடனே அனுப்பிவிடாமல் துறையில் உட்கார்ந்து டீ குடிக்க கால் மணி நேரம் விடுங்கள். மறுநாள் போன் செய்யுங்கள். சொல்லி முடித்தபின் வரும் பாரம் சிலருக்கு ராத்திரியில்தான் தெரியும். அடுத்த செமஸ்டருக்குக் கேஸ் ஷீட் அச்சுக்குப் போகும் முன் திருத்திய பிரதியை அவருக்கு அனுப்புங்கள். ஒரு கேள்வியும் மாறவில்லையென்றால், மறுபடி கூப்பிடும் முன் துறையில் அதைப் பேசி முடியுங்கள்.