கரன்ட் போய் வந்ததும் டிரைவ் திறக்கவில்லையா? முதலில் நகல், பிறகுதான் ரிப்பேர்

சித்திரை, வைகாசியில் சாயங்காலம் காற்று கிளம்பி இடி மழை பெய்தால், மறுநாள் காலையில் எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அண்ணே, சிஸ்டம் ஆன் ஆகுது. டி டிரைவைத் தொட்டா ஃபார்மேட் பண்ணணும்னு கேக்குது. பண்ணிறவா?" திருமங்கலத்து அரிசி மண்டி, மேலூர் கல்யாண வீடியோ ஸ்டுடியோ, சிம்மக்கல் மொத்தக் கடை என்று இடம் மாறும். என் பதில் மாறாது. பண்ணாதீங்க தம்பி, மெஷினை ஆஃப் பண்ணி வைங்க.

கணக்கும் வீடியோவும் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே இருக்கும். குடோனில் மூட்டைகள் அடுக்கினபடியே இருக்க, எந்த மூட்டை எந்த வரிசையில் என்று எழுதிய பேரேடு மட்டும் நனைந்துபோன நிலை அது. அந்தப் பேரேடுதான் ஃபைல் சிஸ்டம். எந்த ஃபைல் டிஸ்க்கின் எந்தெந்த பிளாக்கில், அதாவது சிறு கட்டத்தில், இருக்கிறது, எந்த பிளாக் காலி என்ற விவரம் எல்லாம் அதில்தான். ஃபார்மேட் கொடுத்தால் பழைய பேரேட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுவிடும்.

திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதும் கெடுதல். விண்டோஸ் துவங்கும்போது தானாகவே செக்டிஸ்க் ஓட ஆரம்பிக்கலாம். பேரேட்டை ஒழுங்குபடுத்துவதுதான் செக்டிஸ்க்கின் வேலை. பொருந்தாத துண்டுகளை அது வெட்டி வீசிவிடும். டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முறை ஓடும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். அதனால் டிஸ்க்கைக் கழற்றி, லினக்ஸ் லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்த வேறு மெஷினில் மாட்டுங்கள். வந்த டிரைவை டெஸ்க்டாப்பில் கிளிக் செய்து திறந்துவிட வேண்டாம். லினக்ஸில் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 போட்ட டிஸ்க்கை ரீட் ஒன்லியாக மவுன்ட் செய்தால்கூட, அதாவது படிக்க மட்டும் திறந்தால்கூட, பாதியில் நின்ற ஜர்னலை (செய்ய வேண்டிய மாற்றங்களின் குறிப்பு) அது எழுதி முடிக்கப் பார்க்கும் என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்து ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே எழுதி வைக்கும் பதிவை, பாருங்கள். நான் பார்ப்பது மூன்று எண்களைத்தான். 5-ஆம் எண் ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டர்களின் கணக்கு. 197 படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள். 199 கேபிள் வழியே வரும்போது ஏற்பட்ட தவறுகள். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்மேல் பழி போடுவதற்கு முன் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். ஹார்ட்டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் கரன்ட்டைத் துண்டித்துவிட வேண்டும். அது கிளீன் ரூம் உள்ள டேட்டா ரெக்கவரி ஆட்களின் வேலை, கடையில் பிரித்துப் பார்க்கிற வேலை இல்லை.

சத்தம் இல்லையென்றால் டிடிரெஸ்க்யூ, பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் கருவி. அதே அளவோ அதைவிடப் பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள். இதன் நல்ல குணம், நன்றாகப் படிக்கிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டு பிடிக்கிற இடத்துக்குக் கடைசியில் திரும்பி வருவது. எதுவரை படித்தது என்று குறிக்கும் மேப் ஃபைல் ஒன்று கொடுத்து வைத்தால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்கு ஒரு இரவு முழுக்கக்கூட ஆகலாம். "நாளைக்கு முகூர்த்தம், ஆல்பம் கொடுக்கணும்" என்று ஸ்டுடியோக்காரர் அவசரப்படுவார். அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் நகல் இல்லாமல் ரிப்பேரில் கை வைத்தால் திரும்பி வர வழி கிடையாது. அசலை உறையில் போட்டு வைத்துவிட்டு, இனி எல்லா வேலையும் நகலில்தான்.

நகலில் முதலில் சோதனை மட்டும். எக்ஸ்ட்4 என்றால் ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகேயை (fsck) 'என்' (-n) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். என்னென்ன கோளாறு என்று சொல்லும், எதையும் எழுதாது. அப்புறம் ஆப்ஷனை எடுத்துவிட்டு நிஜமாக ஓட்டலாம், மவுன்ட் ஆகாத நிலையில் மட்டும். பேரேட்டின் முதல் பக்கம் போன்ற சூப்பர் பிளாக்கே போய்விட்டது என்று சொன்னால் பயப்பட வேண்டாம். அதற்கு மாற்றுப் பிரதிகள் உண்டு. 4 கேபி பிளாக் உள்ள டிஸ்க்கில் வழக்கமாக 32768-ஆவது பிளாக்கில் ஒன்று இருக்கும், அதைக் காட்டி ஓட்டலாம். பெயர் இழந்த ஃபைல்கள் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஃபோல்டரில் வெறும் எண்களாகக் கிடக்கும். பொறுமையாகத் திறந்து பாருங்கள்.

லினக்ஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான எக்ஸ்எஃப்எஸ் என்றால், அதன் ஜர்னலான லாக்கில் முடியாத வேலை இருக்கும்வரை எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேர் மறுத்துவிடும். முதலில் மவுன்ட் செய்து லாக்கை முடிக்க விடச் சொல்லும். அதுவும் முடியாதபோதுதான் லாக்கை அழிக்கும் பெரிய 'எல்' (-L) ஆப்ஷன். பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் செக் ரிப்பேரைத் தொடவே வேண்டாம் என்பேன். மவுன்ட் ஆகாத வால்யூமிலிருந்தும் ஃபைல்களை வேறு இடத்துக்கு எடுத்துத் தருகிற ரிஸ்டோர் கட்டளை அதிலேயே இருக்கிறது. விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸுக்கு விண்டோஸின் செக்டிஸ்க்தான் சரி. ஆனால் அதையும் நகலில், தேவையான ஃபைல்களை வெளியே எடுத்த பிறகு.

சரி, டேட்டா வந்துவிட்டது. இனி காரணத்தைத் தேட வேண்டும். தேடாமல் புது டிஸ்க் மாட்டிக் கொடுத்தால் அடுத்த மழைக்கு அதே போன் வரும்.

இங்கே பெரும்பாலும் காரணம் கரன்ட்தான். லினக்ஸில் ஒரு ஃபைலை சேவ் செய்தால் அது உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை. சாதாரண அமைப்பில் சுமார் 30 விநாடிவரை ரேமில் காத்திருக்கலாம். டிஸ்க்குக்குப் போன பிறகும் அதன் கேஷில், அதாவது டிஸ்க்குக்குள் இருக்கும் தற்காலிக நினைவகத்தில், இன்னொரு காத்திருப்பு. இந்த இடைவெளியில் கரன்ட் போனால் எது எழுதப்பட்டது, எது இல்லை என்பது கலந்துபோகும். இந்தக் கலக்கத்தைச் சமாளிக்கத்தான் ஜர்னல். மாற்றத்தை முதலில் தனி இடத்தில் குறித்துக்கொண்டு பிறகு உரிய இடத்தில் எழுதும். 1993-இல் வந்த எக்ஸ்ட்2-வில் இது இல்லை, எக்ஸ்ட்3 கொண்டுவந்தது. ஆனால் எக்ஸ்ட்4 வழக்கமான அமைப்பில் ஜர்னலில் குறிப்பது மெட்டாடேட்டாவை மட்டுமே. அதாவது பேரேடு பிழைக்கும், கடைசி நிமிடத்தில் அடித்த பில் பிழைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. "ஜர்னல் இருக்கே, அப்புறம் எப்படிப் போச்சு?" என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதனால் ஃபைல் சிஸ்டத்துக்கு முன் பவரைச் சரிசெய்யுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவர்கள் அதன் பின்பக்கம் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் மோட் சுவிட்ச் ஒன்று இருக்கும். அது யுபிஎஸ் பக்கம் இல்லையென்றால், மாறுகிற அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். ஃபேனும் லைட்டும் நிற்காததால் யாருக்கும் தெரியாது. தனி யுபிஎஸ் வாங்கினால் யுஎஸ்பி போர்ட் உள்ள மாடலாகக் கேளுங்கள். அந்தக் கேபிளை மாட்டி, பேட்டரி குறைந்ததும் தானாக ஷட்டவுன் ஆகும்படி வையுங்கள். நம் ஊர் வெயிலில் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். வேலை இல்லாத நேரத்தில், எல்லாவற்றையும் சேவ் செய்து மூடிவிட்டு, சுவிட்சை அணைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். பேப்பரில் 'நாளை மின்தடை' பட்டியலில் உங்கள் ஏரியா வந்தால், மெஷினை முன்னதாகவே நிறுத்திவிடுவது நல்லது.

கரன்ட்டில் குறை இல்லாமலும் அடிக்கடி கிராஷ் ஆனால் ரேமைச் சந்தேகியுங்கள். மெம்டெஸ்ட்86+ பென்டிரைவில் போட்டு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரு தவறு காட்டினாலும் அந்த ரேமை மாற்ற வேண்டும். கெட்ட ரேம் தவறான எண்ணை எழுதச் சொன்னால், ஃபைல் சிஸ்டம் அதை உண்மையென்று நம்பி எழுதிவிடும். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். ஷட்டவுன் கொடுத்தாலும் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அந்த நிலையில் லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸில் எழுதுவது ஆபத்து.

இப்போது தேர்வு. பில் போடுகிற ஒற்றை டிஸ்க் லினக்ஸ் மெஷின் என்றால் எக்ஸ்ட்4 போதும். 2008 கடைசியிலேயே நிலையானதாக அறிவிக்கப்பட்டது, ரிப்பேர் கருவிகள் முதிர்ந்தவை, எந்த லைவ் பென்டிரைவிலும் திறக்கும். பெரிய வீடியோ ஃபைல்களுக்கு எக்ஸ்எஃப்எஸ் நன்றாக ஓடும், ஆனால் பிறகு சுருக்க வேண்டியிருக்கும் பார்ட்டிஷனில் போடாதீர்கள், நடைமுறையில் சுருக்க முடியாது. விண்டோஸ் மெஷினுக்கு என்டிஎஃப்எஸ், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. கேமரா கார்டிலும் கைமாற்றும் பென்டிரைவிலும் இருக்கட்டும், கணக்கையும் கல்யாண ஃபுட்டேஜையும் நிரந்தரமாக வைக்கிற இடமாக ஆக்காதீர்கள்.

வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டியது இருந்தால் நான் வேறு மாதிரி யோசிப்பேன். தேர்வில் இப்போது சொன்ன நான்கு ஃபைல் சிஸ்டமும் ஃபைலின் உள்ளே ஒரு பிட் மாறிப்போனால் கண்டுபிடிக்காது. அழிந்த படத்தையும் நல்ல படம் என்றே கொடுக்கும், பேக்கப்பும் அதையே நகலெடுக்கும். இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டமும் பிடிஆர்எஃப்எஸ்ஸும் டேட்டாவுக்கே செக்சம், அதாவது சரிபார்ப்பு எண், வைத்துப் படிக்கும்போது சரிபார்க்கின்றன. தவறு என்று தெரிந்தால் கொடுக்காமல் எரர் சொல்கின்றன. ஒரு ஸ்டுடியோக்காரருக்கு அந்த எரர் பெரிய உதவி, பழைய பேக்கப் கையில் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறதே. இரண்டு டிஸ்க்கை மிரராக, அதாவது இரண்டிலும் ஒரே டேட்டா இருக்கும்படி, போட்டால் நல்ல பிரதியிலிருந்து கெட்டதைத் தானே சரிசெய்துகொள்ளும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் மிரரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டும் அதன் ரெய்ட் 5, 6 இன்னும் நம்பிப் போடும் நிலையில் இல்லை. மாதம் ஒருமுறை ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது) ஓடும்படி வைத்து, அதன் முடிவு உங்கள் மெயிலுக்கு வரும்படி செய்யுங்கள்.

மிரர் இருந்தாலும் தனி பேக்கப் வேண்டும். தவறி டெலீட் செய்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் போய்விடும், இடி விழுந்தாலும் அப்படித்தான். ஒரு டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றி, கடையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மாதக் கணக்கு முடிக்கிற அன்று அதை வேறு மெஷினில் மாட்டி, டேலியில் ஒரு கம்பெனிக் கணக்கையும் பழைய வீடியோ ஒன்றையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். திறக்கவில்லையென்றால் அன்றைக்கே புதிதாக ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, அப்புறம் அந்த டிஸ்க்கை என்னிடம் கொண்டு வாருங்கள்.