உடற்கூறியல் அசைன்மென்டா? இங்கே தேடுங்கள்

நர்சிங், பிசியோதெரபி முதலாமாண்டு மாணவர்கள் அசைன்மென்ட் என்றதும் நேராக கூகுளில் இறங்கிவிடுகிறார்கள். பாதி நேரம் விளம்பரத்திலேயே போய்விடும்.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'புக்‌ஷெல்ஃப்' தளத்துக்குப் போங்கள், இலவசம். அதிலுள்ள ஸ்டாட்பேர்ல்ஸ் தொகுப்பில் உறுப்புகளைப் பற்றிய கட்டுரைத் தலைப்புகள் பெரும்பாலும் 'அனாட்டமி' (உடற்கூறியல்) அல்லது 'பிசியாலஜி' (உடலியங்கியல்) என்றே தொடங்கும். அதனால் வெறுமனே 'ஹார்ட்' என்று தேடாமல், 'பிசியாலஜி, கார்டியாக் சைக்கிள்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். வேண்டிய கட்டுரை மேலேயே வந்து நிற்கும். அதன் அடியில் உள்ள மேற்கோள்களில் 'பப்மெட்' (மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம்) இணைப்பைத் தட்டினால் மூல ஆய்வின் பக்கத்துக்கே போகலாம். பப்மெட்டில் தனியாகத் தேடும்போது 'ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்' (முழுக் கட்டுரையும் இலவசம்), 'ரிவ்யூ' (பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கட்டுரை) இரண்டு வடிகட்டிகளையும் டிக் செய்துவிடுங்கள். காசு கேட்கும் கட்டுரைகள் ஒதுங்கிவிடும்.

அடிப்படையே புரியவில்லையா? இலவசப் பாடநூல்களை வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தின் 'அனாட்டமி அண்ட் பிசியாலஜி' பாடநூலை பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், கிரே'ஸ் அனாட்டமி என்ற புகழ்பெற்ற உடற்கூறியல் நூலின் 1918-ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படங்கள் அருமை. பெயர்கள்தான் பழசு: இன்றைய பிரேக்கியோசெஃபாலிக் தமனி அதில் 'இன்னாமினேட்'. படத்தை எடுங்கள், பெயரைப் புதிய நூலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.